பணம் நின்ற பிறகும் நிற்கும் காடு

வெளிநாட்டு உதவி என்றால் அணை, பாலம், மின்நிலையம் என்று கண்ணுக்குத் தெரியும் எதையாவது தேடுவது நம் வழக்கம். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் இருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் அப்படிச் சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. சேற்றில் வெட்டிய வாய்க்கால்களும், அவற்றின் கரைகளில் மண்டிய வெண்கண்டல் மரங்களும்தான் அங்கே அந்த உதவியின் மிச்சம். 2022-இல் ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்த இந்த 1,478 ஹெக்டேர் பரப்பில், 1980-களில் செடி முளைக்காத உப்புத்தரை ஏராளமாக இருந்தது. படகில் ஏறிச் சுரபுன்னை வேர்களைப் படம் பிடித்துத் திரும்பும் பயணிகளில் பலருக்கு இது தெரியாது. அந்தத் தரை மறுபடி காடானதில் தமிழ்நாட்டு விஞ்ஞானிகளுக்கும் வனத்துறைக்கும் கிராமத்தாருக்கும் பங்கு உண்டு. கனடாவுக்கும், ஜப்பானில் இயங்கும் ஒரு சர்வதேச அமைப்புக்கும்கூட உண்டு. எவ்வளவு பணம் வந்தது என்பதை விட, அது எந்தக் கேள்விக்கு விடை தேட உதவியது, பணம் நின்ற பிறகு காடு யார் பொறுப்பில் விடப்பட்டது என்ற இரண்டும்தான் ஒரு சர்வதேச உதவியின் பயனைத் தீர்மானிக்கின்றன. பிச்சாவரம் முதல் கேள்வியில் நன்றாகத் தேறியது. இரண்டாவதில் பாதி தூரம்தான் வந்திருக்கிறது.

முதல் கேள்வியிலிருந்து தொடங்குவோம். காடு ஏன் அழிந்தது? ஊர்க்காரர்கள் விறகு வெட்டினார்கள், மாடு மேய்த்தார்கள், அதனால்தான் என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்ட காரணம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இதை ஆராய்ந்தபோது கிடைத்த விடை வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1970-கள் வரை அரசே இந்தக் காட்டைக் கூறு போட்டு, முறை வைத்து, ஒவ்வொரு கூறையும் மொட்டையாக வெட்டிவந்தது. மலைக்காட்டில் வெட்டிய அடிமரம் துளிர்க்கலாம். அலையாத்தி நிலத்தின் இயல்பு அப்படியல்ல. மரம் போனதும் சேற்றில் நேரடியாக வெயில் விழும். ஈரம் ஆவியாகி மண் இறுகும், தரை தாழ்ந்து தொட்டி போலாகும். ஏற்றத்தில் ஏறும் கடல்நீர் வற்றத்தில் இறங்க வழியில்லாமல் அந்தப் பள்ளத்திலேயே தேங்கிக் காயும். மீண்டும் மீண்டும் இப்படி நடந்தால் மண்ணின் உப்பு எந்த விதையும் தாங்காத அளவுக்கு ஏறிவிடும். போதாததற்கு, மேலே அணைகள் வந்தபின் கொள்ளிடத்தில் கடலுக்கு வரும் நன்னீரும் குறைந்தது. காட்டை அழித்தவர்கள் என்று பழி சுமந்தவர்கள் ஏழைகள். அழித்தது அரசின் வெட்டுமுறை. ஆராய்ச்சிக்குச் செலவிட்ட பணம் வேறு எதையும் தராமல் இந்த ஓர் உண்மையை மட்டும் தந்திருந்தாலும் அது வீண்செலவு ஆகியிருக்காது.

நோய் தெரிந்ததும் மருந்து எளிதாயிற்று. ஒரு பெரிய வாய்க்காலும், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களுமாக, மேலிருந்து பார்த்தால் மீன் முள்போலத் தெரியும்படி வெட்டினார்கள். தேங்கிய நீர் தினமும் வந்து போகத் தொடங்கியது, உப்பு கழுவப்பட்டது, கரைகளில் நட்ட கன்றுகள் பிழைத்தன. தொடக்க ஆராய்ச்சிக்கு, யோகஹாமாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச வெப்பமண்டல மர அமைப்பு உதவியது. 1996 முதல் இந்திய-கனடா சுற்றுச்சூழல் நிதியம் துணை நின்றது. 1986 முதல் 2002 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, அலையாத்திப் பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் கூடியதாக 2003-இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் பதிவு செய்தது. பின்னர் வனத்துறை முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் இதே முறையைக் கையாண்டது.

வாய்க்காலை வெட்டியவர்களும் கன்று நட்டவர்களும் அக்கம்பக்கத்துக் கிராமத்தார். கிராமம்தோறும் ஆண்களும் பெண்களும் உறுப்பினர்களான மன்றம் அமைத்து, வனத்துறையோடு சேர்ந்து காட்டைப் பராமரிக்கும் கூட்டு மேலாண்மை உருவாயிற்று. நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்து வாழும் இருளர் பழங்குடியினர் பிச்சாவரத்தை ஒட்டிய எம்.ஜி.ஆர். நகரில் இருக்கிறார்கள். சொந்தக் காட்டிலேயே குற்றவாளிகளைப் போல நடத்தப்பட்ட அவர்களுக்குப் பழங்குடிச் சான்றிதழ், பள்ளி, வலை, படகு கிடைக்கச் செய்வதும் இந்தத் திட்டத்தின் வேலையாயிற்று. மரக்கணக்கில் மட்டும் குறியாக இருந்த திட்டமாக இருந்திருந்தால் இவை அதன் கண்ணில் பட்டிருக்காது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. பிச்சாவரம் இருக்கும் கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறு ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, இந்தக் கடலோரத்தில் அலையாத்திக்கு முன்னால் கடலைப் பார்த்திருந்த இரண்டு ஊர்கள் முற்றிலும் அழிந்ததையும், அலையாத்திக்குப் பின்னால் இருந்த மூன்று ஊர்கள் தப்பியதையும் காட்டியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல்வாழ் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசன் 18 குக்கிராமங்களை ஆராய்ந்து இதே கருத்தைச் சொன்னார். இதற்கு மறுப்பும் வந்தது. அதே புள்ளிவிவரங்களை மறுபடி கணக்கிட்ட கெர், பேர்ட், கேம்ப்பெல் ஆகியோர், கடலிலிருந்து ஊர் இருந்த தூரமும் தரையின் உயரமுமே உயிர்ச்சேதத்தைப் பெரும்பாலும் தீர்மானித்தன, மரங்களின் பங்கு சிறிது என்றார்கள். இந்த மறுப்பை ஒதுக்கித் தள்ளக் கூடாது. காடு இருக்கிறது என்ற நம்பிக்கையில் கடற்கரையிலேயே வீடு கட்டுவது ஆபத்து. எச்சரிக்கை ஏற்பாட்டுக்கும் மேட்டுநிலத்துக்கும் காடு மாற்றாகாது. ஆனால் இறால் குஞ்சுகளும் நண்டுக் குஞ்சுகளும் வளரும் இடம், கரையரிப்பைத் தடுக்கும் அரண், புயல்காற்றின் வேகத்தைத் தணிக்கும் திரை என்ற அளவில் காட்டின் மதிப்பு சுனாமி விவாதத்தைச் சார்ந்ததல்ல.

இன்னொரு மறுப்பு அரசியல் சார்ந்தது. உதவி வாங்கினால் கை நீட்டும் பழக்கம் வரும், கொடுப்பவர் சொல்வதைக் கேட்க வேண்டியிருக்கும் என்பார்கள். நியாயமான அச்சம்தான். சிறிய நன்கொடை நாடுகளின் நேரடி உதவி இனி வேண்டாம் என்று 2003-இல் இந்தியாவே அறிவித்தது. அவற்றில் கனடாவும் ஒன்று. பிச்சாவரத்தில் கனடாவின் பணம் அந்தக் காலத்தோடு முடிந்தது. காடு முடியவில்லை. முறையைக் கண்டறிந்தவர்கள் இங்குள்ள விஞ்ஞானிகள், வெட்டத் தெரிந்தவர்கள் இங்குள்ள கிராமத்தார் என்பதால் அறிவு இங்கேயே தங்கியது. ஐ.நா. பல்கலைக்கழகமும் யுனெஸ்கோவும் பல நாட்டவருக்கான அலையாத்திப் பயிற்சியைப் பரங்கிப்பேட்டையில் நடத்தும் அளவுக்கு, வாங்கிய இடம் கொடுக்கும் இடமாயிற்று. சார்ந்து நிற்பவர்களுக்கு இது வாய்க்காது.

பணம் நின்ற பிறகு காடு யார் பொறுப்பில் என்ற இரண்டாவது கேள்விக்கு நேபாளத்தைப் பார்க்க வேண்டும். கடலே இல்லாத நாடு அது. கொல்கத்தா, விசாகப்பட்டினம் துறைமுகங்களை நம்பித்தான் அதன் கடல்வழி வாணிபம் நடக்கிறது. உலகில் இப்படிக் கடல் இல்லாத வளரும் நாடுகள் 32 இருக்கின்றன. போக்குவரத்துச் செலவு மிகும் இந்த நாடுகளுக்குக் காடு, நீர், மண் ஆகிய உள்ளூர் வளங்களே கைமுதல். 1957-இல் நேபாளம் காடுகளைத் தேசியமயமாக்கியது. ஊராருக்கு அதுவரை இருந்த அக்கறை போயிற்று, மலைகள் மொட்டையாயின. 1970-களின் இறுதியிலிருந்து ஆஸ்திரேலியாவும், பின்னர் பிரிட்டன், சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளும் உதவின. அங்கே திருப்புமுனை 1993-ஆம் ஆண்டின் வனச்சட்டம். காட்டைப் பராமரிக்கவும் அதன் விளைபொருளை விற்று வருமானம் வைத்துக்கொள்ளவும் பயனாளர் குழுக்களுக்கு அது உரிமை தந்தது. இன்று 22,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் அங்கே இயங்குகின்றன. 1992-இல் நாட்டின் பரப்பில் 26 சதவீதமாக இருந்த காடு 2016-இல் 45 சதவீதமானதாகச் செயற்கைக்கோள் ஆய்வு சொல்கிறது. ஊரைவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களால் விளைநிலம் காடானதும் இதில் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் உரிமையைச் சட்டம் உறுதி செய்யாமல் இந்த மீட்சி நிலைத்திருக்காது.

பிச்சாவரத்தின் குறை இங்கேதான் இருக்கிறது. நம் கூட்டு மேலாண்மை அரசாணையின் பேரில் நிற்கிறது. ஓர் அதிகாரி ஆர்வம் காட்டினால் மன்றம் கூடும், அவர் மாறிப்போனால் கூடாது. மீன்முள் வாய்க்காலோ தூர் வாராவிட்டால் மண் சேர்ந்து மூடிக்கொள்ளும். அதற்கு ஆண்டுதோறும் சிறு தொகையும், இது எங்கள் வேலை என்று இறங்கும் ஆட்களும் வேண்டும். பெரிய திட்டங்கள் தொடக்கத்தில் கோடிகளைக் கொட்டும், இந்தச் சிறு தொகையை மறந்துவிடும். இப்போது உலக வங்கி உதவியுடன் 1,675 கோடி ரூபாய் மதிப்பில் தமிழ்நாடு கடலோர மீட்புத் திட்டம் வந்திருக்கிறது. நடும் கன்றுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அதன் வெற்றியை அளக்கக் கூடாது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி இருளர் உள்ளிட்ட கிராமத்தாரின் சமூக உரிமைகளை அங்கீகரிக்க வேண்டும். வாய்க்கால் பராமரிப்புக்கெனக் கிராம மன்றங்களிடம் நிலையான நிதி இருக்க வேண்டும். கொள்ளிடத்தில் கடலுக்குப் போகும் நீரை வீண் என்று சொல்வதை விட்டு, காட்டுக்கு உரிய பங்கைக் கணக்கில் வைக்க வேண்டும். இந்த மூன்றையும் உலக வங்கி நமக்காகச் செய்யாது. சட்டமன்றமும் மாவட்ட நிர்வாகமும் கிராமசபைகளும்தான் செய்ய வேண்டும். கடலூர் மாவட்டத்து மக்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.