200 பேர் நின்றாலும் வேலை ஓடும்... 5 பேர் இழுத்தால்?

ஒரு வேலையை 1,800 கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறீர்கள். எது பெரிய தலைவலி? பாதியில் படுத்துவிடும் மெஷினா, மெதுவாக இழுக்கும் மெஷினா?

கூகுளின் ஜெஃப் டீன், சஞ்சய் கெமாவத் 2004-ல் வெளியிட்ட 'மேப்ரெடியூஸ்' கட்டுரையில் விடை இருக்கிறது. கூகுள் தேடலுக்கான இன்டெக்ஸ் அப்போது தயாரானதே இந்த முறையில்தான். சோதனைக்கு, சுமார் ஒரு டெராபைட் டேட்டாவை 64 எம்.பி துண்டுகளாக நறுக்கி வரிசைப்படுத்தச் சொன்னார்கள். துண்டுகளைப் பங்கிட ஒரு மேஸ்திரி புரோகிராம். 891 விநாடிகளில் வேலை முடிந்தது.

அடுத்து, 1,746 வேலையாள் புரோகிராம்களில் 200-ஐ வேண்டுமென்றே நடுவில் நிறுத்தினார்கள். உடனே புது ஆட்கள் வந்தார்கள். போன வேலையை மேஸ்திரி மறுபடி செய்யவைத்தார். தாமதம் வெறும் 42 விநாடி!

ஆனால், யாரையும் நிறுத்தாத இன்னொரு சோதனையில் 5 துண்டுகள் மட்டும் இழுத்தன. மற்றதெல்லாம் 960 விநாடிகளில் முடிந்தும், மொத்தமாக முடிய 1,283 ஆனது. டிஸ்க் பழுதான மெஷின், கூப்பிட்டால் 'இருக்கேன்' என்று பதில் சொல்லும். மேஸ்திரிக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

எனவே சந்தேகப்படுவதையே விட்டுவிட்டார்கள். வேலை முடியும் தறுவாயில், பாக்கித் துண்டுகள் இன்னொரு மெஷினுக்கும் போகும். முதலில் முடிப்பவர் கொடுப்பதே கணக்கு. அந்த 891 விநாடி, இந்த ஏற்பாட்டோடு வந்ததுதான்.