அறைச் செடிக்கு ஏற்ற சிக்கன விளக்கு

வெளி நிலத்தில் நிற்கும் மரம் தனக்கு வேண்டிய ஒளியைத் தானே நாடிக் கிளை பரப்பிக்கொள்ளும். அறைக்குள் நாம் கொண்டுவந்து வைத்த தொட்டிச் செடியோ நாம் காட்டும் வெளிச்சத்தையன்றி வேறு கதியற்றது. நீரும் உரமும் தவறாது இட்டும், செடி வெளுத்து மெலிந்துபோவதைக் கண்டு வருந்துவோர் நம்முள் பலர். அத்தகையோர்க்கெனவே 'வளர்விளக்கு' என்னும் பெயரால் பல்புகள் விற்கப்படுகின்றன. அவற்றுட் பல, சாதாரண வீட்டுப் பல்பினும் பன்மடங்கு விலையுடையன. விடுதி அறையின் மூலையில் ஒரு தொட்டியும், பையில் சில ரூபாய்களுமே உடைய மாணவன் எதனை வாங்குதல் தகும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் ஒளியால் செடிக்கு ஆவது யாது எனக் காண்போம். செடியின் பசிய பாகங்கள் வெளிச்சத்திலேயே பிராணவாயுவை வெளிவிடுகின்றன என்பதை 1779ஆம் ஆண்டில் இங்கன்ஹவுஸ் என்னும் மருத்துவர் பரீட்சித்து வெளியிட்டார். இலையிலுள்ள பச்சையம் ஒளியின் சக்தியைப் பற்றிக்கொள்ள, அச்சக்தியால் நீரும் கரியமிலவாயுவும் சர்க்கரைப் பொருளாக மாறுகின்றன. ஆகவே, மண்ணில் இடும் உரம் ஒளிக்கு ஈடாகாது. நம் கிராமங்களில் இருட்டறையில் வளர்க்கப்படும் முளைப்பாரியைப் பார்த்தவர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். அம்முளைகள் விதையில் சேமித்த உணவைச் செலவிட்டு, வெளிறிய மஞ்சள் நிறத்தோடு நெடிது நீள்கின்றன. அறைச் செடியும் அவ்வாறே கணுக்களுக்கு இடையில் நீண்டு, சிற்றிலைகளை விட்டுச் சாயுமாயின், அஃது ஒளிப் பஞ்சத்தின் அடையாளம் என்க.

இனி நிறத்தைப்பற்றிச் சிறிது கூறுவாம். 1882ஆம் ஆண்டில் ஏங்கெல்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் பாசி இழை ஒன்றின்மீது நிறமாலையைப் படரவிட்டு, பிராணவாயுவை நாடிச் செல்லும் நுண்ணுயிர்களை அதனருகில் விட்டுப் பார்த்தார். அவை சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களிலேயே மிகுதியாக மொய்த்தன. செந்நீல ஒளி வீசும் விளக்குகளை விற்போர் சொல்லும் காரணமும் இதுவே. ஆயினும், 1972ஆம் ஆண்டில் மெக்கிரீ என்பார் பல பயிர்களின் இலைகளை அளந்து வெளியிட்ட முடிவு, பச்சைக் கிரணங்களும் கணிசமாகப் பயன்படுகின்றன என்பதைத் தெளிவாக்கிற்று. இலை பச்சையாகத் தோன்றுவதால் அது பச்சை ஒளி முழுவதையும் தள்ளிவிடுகிறது என்று கருதலாகாது. பெரும்பகுதியை உட்கொண்டு, எஞ்சிய சிறு பகுதியையே அது நம் கண்ணுக்குத் திருப்புகின்றது.

இந்நாளில் வீடுகளில் எரியும் வெள்ளை எல்.இ.டி. பல்பு நீல ஒளியையே மூலமாக உடையது. அந்நீலத்தின் ஒரு பகுதியை, மேலே பூசிய ஒளிர்பொருள் பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய கிரணங்களாக மாற்றுகிறது. நீல எல்.இ.டி.யை ஆக்கியளித்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசைப் பெற்றனர். ஆகவே, செடிக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் சாதாரண வெள்ளை விளக்கிலேயே அமைந்துள்ளன. 2015ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கப்பெற்ற உஜாலா திட்டம், பல்புகளைப் பெருந்தொகையாகக் கொள்முதல் செய்தமையால், இவை நம் நாட்டில் மலிவாகவும் ஆயின. செந்நீல விளக்கின் கீழ் இலையின் பழுப்பும் புள்ளியும் கண்ணுக்குப் புலப்படா; வெள்ளொளியிலோ நோய் உடனே தெரியும். அவ்விளக்கின் கீழேயே பாடமும் படிக்கலாம்.

நிறத்தினும் முதன்மையானது இலைமேல் விழும் ஒளியின் அளவு. இதில் நம் கண் நம்பத்தக்கதன்று. வெயிலேறிய நண்பகலில் வெட்டவெளியின் ஒளி ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். நல்ல வாசகசாலையின் மேசைமீது 300 முதல் 500 லக்ஸ்களே உள. கண் இரண்டிற்கும் தன்னைச் சரிப்படுத்திக்கொள்வதால், அறையும் வெளிச்சமாகவே இருப்பதாக நாம் எண்ணுகின்றோம். இலைக்கு அவ்விதம் சரிப்படுத்திக்கொள்ளும் வழி மிகக் குறைவு. கிடைத்த ஒளிக்குத் தக்கபடியே அஃது உணவாக்கும்.

விளக்கினின்று தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது பௌதிக மாணவர் அறிந்த விதி. 800 லூமன் தரும் 9 வாட் பல்பொன்று ஓரடித் தூரத்தில் சுமார் 2,000 லக்ஸ் தருமாயின், ஈரடியில் 500, நாலடியில் 125, கூரை உயரமாகிய எட்டடியில் 30 சொச்சமே எஞ்சும். அதே பல்பை அரையடிக்குக் கொணர்ந்தால் ஏறக்குறைய 8,000 லக்ஸ் ஆகும். விலையுயர்ந்த விளக்கைக் கூரையில் மாட்டுவதினும், மலிவான பல்பை மேசை விளக்கிற் பொருத்திச் செடியருகே தாழ்த்துவதே மேல் என்பது இக்கணக்கால் பெறப்படும். பல்பின் பக்கங்களில் வெள்ளைக் காகிதத்தையோ, வெள்ளித்தாள் ஒட்டிய அட்டையையோ நிறுத்தினால் சிதறும் ஒளியும் செடிக்கே திரும்பும்.

பல்பு வாங்கும்போது பெட்டியில் நான்கு செய்திகளைப் பார்த்தல் வேண்டும். முதலாவது லூமன்: ஒரே விலைக்கு மிகுந்த லூமன் தருவதே வெள்ளை பல்புகளுட் சிறந்தது. இரண்டாவது வாட்: 'நூறு வாட்டுக்குச் சமானம்' முதலிய விளம்பரத் தொகையை விடுத்து, பல்பு மெய்யாகவே இழுக்கும் வாட்டைக் காண்க. மூன்றாவது கெல்வின்: 4,000 முதல் 6,500 வரையுள்ள வெண்மை இலைச் செடிகளுக்கு நன்று, 2,700 எனக் குறித்த மஞ்சள் வெளிச்சமும் தீதன்று. நான்காவது அடிப்பகுதி: வளர்விளக்குகளிற் பல திருகுமரை உடையன, நம் வீடுகளில் பெரும்பாலும் உள்ளது இரு முளைகளை மாட்டித் திருப்பும் ஹோல்டர். இதனைக் கவனியாது வாங்கினால் இணைப்புக்கெனத் தனியே செலவு நேரும்.

மின்சாரச் செலவையும் கணக்கிடுவோம். 9 வாட் பல்பு நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரிந்தால் 108 வாட்-மணி. முப்பது நாட்களில் 3.24 யூனிட். பழைய 60 வாட் இழைப் பல்பு அதே நேரத்தில் 21.6 யூனிட் செலவிடும். அதன் வெப்பம் அருகிலுள்ள இலையையும் கருக்கும். நாள்தோறும் 12 முதல் 14 மணி நேரம் ஒளி போதுமானது. இரவு முழுவதும் எரித்தல் வீண். சாமந்தி போன்றவை நீண்ட இருள் இன்றேல் பூவா. நீர் தெளிக்கும்போது விளக்கை அணைத்தலும், கம்பிகளை ஈரம்படாது வைத்தலும் உயிர்க்காப்பாகும்.

இவ்வளவும் செய்யினும் எல்லாச் செடிகளும் ஒரு பல்பின் கீழ் வாழா. மருள், மணி பிளாண்ட் முதலியன 1,000 அல்லது 2,000 லக்ஸில் நலமாக நிற்கும். புதினா, வெந்தயக்கீரை, கொத்தமல்லி ஆகியவற்றிற்கு அரையடி உயரத்தில் இரண்டு பல்புகளேனும் வேண்டும். தக்காளியும் மிளகாயும் காய்க்க விரும்புவோர் தொட்டியை வெயிலுக்குக் கொண்டுசெல்வதே அறிவுடைமை. பல தட்டுகளில் நாற்று வளர்ப்போர்க்கும், ஆராய்ச்சிக்கூடத்தார்க்கும் சிறப்பு விளக்குகள் தம் விலைக்குரிய பயனைத் தரலாம். அவர்களும் பெட்டியின் பெயரை விடுத்து அளவைக் கேட்டே வாங்குதல் வேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. கைப்பேசியில் லக்ஸ் காட்டும் செயலி இருப்பின் அது துல்லியமாக இராவிடினும், இரண்டு இடங்களை ஒப்புநோக்க உதவும். மாணவ நண்பர்காள்! புதிய விளக்கு வாங்குமுன், உள்ள பல்பை ஒரு மாதம் செடிக்கு ஓரடி அருகே தாழ்த்தி எரித்துப் பாருங்கள். புதுத் தளிர் பழைய இலையளவு அகன்று, கணு நெருங்கி வருமாயின், பல்பு போதுமென்று செடியே விடை கூறிவிட்டது. மிஞ்சிய பணத்திற்கு இன்னொரு தொட்டி வாங்கலாம்.