இணையவழி உளவளத்துணையும் அந்தரங்கமும்: தமிழ்க் குடும்பச் சூழலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மன அழுத்தத்திற்கும் குடும்பச் சிக்கல்களுக்கும் ஆளாகும் தனிநபர்களும் பெற்றோரும் தொலைபேசி, காணொலி, எழுத்து உரையாடல் ஆகியவற்றின் வழியே உளவளத்துணை பெறும் வாய்ப்பு அண்மை ஆண்டுகளில் பெருகியுள்ளது. தொலைவு, செலவு முதலிய தடைகளை இது குறைக்கிறது. எனினும், சிக்கல் நிகழும் வீடே துணை பெறும் இடமாகவும் அமைந்துவிடுகிறது. இதனால் அந்தரங்கம் என்பது தொழில்நுட்பம் சார்ந்த வினாவாக நில்லாமல் குடும்ப உறவு சார்ந்த வினாவாக மாறுவதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உளவளத்துணை, அந்தரங்கம், பெற்றோர், வளரிளம் பருவத்தினர், டெலி மானஸ்

முன்னுரை

நேரில் காணாத ஒருவரிடம் மனச்சுமையை இறக்கிவைக்கும் முறை இணையத்தோடு தோன்றியதன்று. 1953இல் இலண்டனில் சாட் வாரா தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பு தொலைபேசியையே கருவியாகக் கொண்டது. சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சினேகா அமைப்பு தற்கொலைத் தடுப்புக்கெனச் செயல்பட்டு வருகிறது. நடுவணரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் திட்டத்தில் 14416 என்னும் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். இத்தகைய சேவையின் தேவையை 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு காட்டுகிறது. தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடைபெற்ற அவ்வாய்வு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் மனநலக் கோளாற்றுடன் வாழ்வதாகக் கண்டது. பெரும்பாலான கோளாறுகளில் சிகிச்சை இடைவெளி 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தது.

இவ்விடைவெளிக்கு மருத்துவர் பற்றாக்குறையை மட்டும் காரணமாகக் கூறுவது போதாது. மனநல மருத்துவமனையின் வாயிலில் தம்மை எவரேனும் கண்டுவிடுவர் என்னும் அச்சமும் வலிமையான காரணமாகும். இணையவழித் துணை அவ்வச்சத்தை நீக்குகிறது. ஆனால் அதனிடத்தில் வேறோர் அச்சத்தை வைக்கிறது.

சொல்லும் பொருளும்

தமிழ்நாட்டில் 'ஆலோசனை' என்ற சொல்லே பெருவழக்கு. அது அறிவுரை என்னும் பொருளை ஏந்திவருவதால், 'என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்' என்ற எதிர்பார்ப்போடு பலர் அழைக்கின்றனர். இலங்கைத் தமிழ் வழக்கில் நிலைபெற்றுள்ள 'உளவளத்துணை' என்னும் சொல், முடிவெடுப்பவர் நாடி வந்தவரே, மற்றவர் உடன் நிற்பவர் மட்டுமே என்பதை உணர்த்துகிறது. இதனாலேயே இக்கட்டுரை அச்சொல்லைக் கையாள்கிறது.

கணவன் மனைவியரிடையே பிணக்கு நேர்ந்தபோது இடைநின்று பேசுவோரைத் தொல்காப்பியக் கற்பியல் வாயில்கள் என்று குறிக்கிறது. தோழி முதல் கண்டோர் ஈறாக அவர்கள் பன்னிருவர். விருந்தினரும் கண்டோரும்கூட அவருள் அடங்குவர் என்பது கருதத்தக்கது. இவர்கள் யாவரும் அக்குடும்பத்தை அறிந்தவர்கள், அல்லது அதன் வாயிலில் வந்து நிற்பவர்கள். இன்றைய உளவளத்துணையாளர் இதற்கு நேர்மாறானவர். எக்குடும்ப உறுப்பினருக்கும் வேண்டியவராக இல்லாமையே அவரது தகுதி. அயலார் என்னும் அத்தகுதியைக் காத்துக்கொடுத்தது ஓர் அறையும் அதன் மூடிய கதவுமே.

வீடே அறையாகும்போது

இணையவழியில் அக்கதவை மூடும் பொறுப்பு நாடி வருபவரிடம் சென்றுவிடுகிறது. ஈரறை வீட்டில் மாமியாரும் குழந்தைகளும் உடனிருக்க, ஒரு பெண் கணவனைப் பற்றி எங்கிருந்து பேசுவார்? மொட்டை மாடி, தெருமுனை, குழாயைத் திறந்துவிட்ட குளியலறை ஆகியனவே அவருக்குக் கிடைக்கும் இடங்கள். கைப்பேசியும் பல வீடுகளில் பொதுச்சொத்து. அழைப்புப் பட்டியலும், மற்றொரு கருவியில் இணைக்கப்பட்ட வாட்ஸ்அப் கணக்கும் அவர் சொன்னதையும் சொல்லாததையும் காட்டிக்கொடுக்கும். 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, தேசிய மகளிர் ஆணையம் குடும்ப வன்முறை குறித்துத் தெரிவிக்க வாட்ஸ்அப் எண்ணொன்றை அறிவித்தது. வன்முறை செய்பவர் அருகிலேயே இருக்கும்போது வாய்விட்டுப் பேச இயலாது, எழுத இயலும்.

இதனைக் கருதியே பயிற்சி பெற்ற துணையாளர் முதல் வினாவாக, 'இப்போது உங்களால் தனியே பேச முடியுமா?' என்று கேட்கிறார். முடியாதெனில் 'ஆம்', 'இல்லை' என்னும் விடைகளுக்குள் அடங்கும் வினாக்களைத் தொடுக்கிறார். எவரேனும் உள்ளே வந்தால் பேச்சை மாற்றுவதற்கென ஒரு குறிச்சொல்லை இருவரும் முன்னரே முடிவு செய்துகொள்வதும் உண்டு. இவை சிறு உத்திகளாகத் தோன்றலாம். நேர்முக அறையில் இவற்றுக்குத் தேவையே எழுவதில்லை என்பதை நோக்கினால் இழப்பின் அளவு விளங்கும்.

மறுபுறம், திரை தரும் மறைவு நாவை அவிழ்க்கிறது. உளவியலாளர் ஜான் சூலர் 2004இல் இணையவெளியில் தடையவிழும் இவ்விளைவை விரித்துரைத்தார். முதல் அமர்விலேயே அனைத்தையும் கொட்டிவிட்டு, பின்னர் நாணி, மறு அமர்வுக்கு வாராதொழிவோரும் உளர். வேகமாகப் பேசுபவரைச் சற்றே நிதானப்படுத்துவதும் துணையாளர் கடமையே.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஸ்கார்ஃப் நிறுவனம் 2010 முதல் நடத்திய தொலைமனநல மருத்துவத் திட்டம் இங்கு ஒப்பிடத்தக்கது. காணொலி வசதி பொருத்திய பேருந்து ஊர்களுக்குச் சென்றது. சென்னையிலிருந்த மருத்துவருடன் நோயர் பேருந்துக்குள் அமர்ந்து பேசினர். அப்பேருந்தின் சிறப்பாகத் தொழில்நுட்பமே பேசப்படுகிறது. வீட்டுக்கு வெளியே ஓர் அறையை அது கொண்டுவந்தது என்பதே என் பார்வையில் அதனினும் சிறப்பு. ஊராட்சி நூலகத்திலோ ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ கதவுடைய ஒரு சிற்றறையும் ஒரு கைப்பேசியும் இருந்தால் இதே பயன் குறைந்த செலவில் கிட்டும்.

பெற்றோர் அழைக்கும்போது

'பையன் படிப்பதில்லை, கைப்பேசியை விடுவதில்லை' என்று ஒரு தாய் அழைக்கிறார். துணை பெறுபவர் யார்? தாயா, மகனா? பெற்றோருக்கான பயிற்சி முறைகள் தாயே என்று விடை கூறும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் மாத்யூ சாண்டர்ஸ் வடிவமைத்த டிரிபிள் பி திட்டம் குழந்தையை நேரடியாகத் திருத்த முயல்வதில்லை. பெற்றோரின் எதிர்வினையை மாற்றுகிறது. இணையவழிக்கெனவும் அதற்கு ஒரு வடிவம் உண்டு. தாய் தந்தையர் தம் நடத்தையைத் தாமே கவனித்துக் குறித்துவைத்து, அடுத்த வாரம் அதுபற்றிப் பேசும் இம்முறைக்கு இணையம் பொருத்தமானது.

மகனே அழைக்கும்போது நிலைமை வேறு. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதோர் அனைவரையும் குழந்தைகளாகக் கொண்டு, அவர்களது தரவைக் கையாளப் பெற்றோரின் இசைவைப் பொதுவிதியாக வைக்கிறது. தந்தையின் குடிப்பழக்கத்தைப் பற்றிப் பேச விழையும் பதினாறு வயது மாணவர் அத்தந்தையின் இசைவைப் பெறுவது எங்ஙனம்? பெற்றோரின் அனுமதியைக் கோராத 1098 குழந்தைகள் உதவி எண்ணின் மதிப்பு இங்கே புலனாகிறது. அந்தரங்கத்துக்கு எல்லையும் உண்டு. குழந்தை பாலியல் வன்முறைக்கு உள்ளானதை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டுமென 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. இதனை உரையாடலின் தொடக்கத்திலேயே அக்குழந்தைக்கு விளங்கும் சொற்களில் கூறிவிடுவதே நேர்மை.

சட்டத்தின் காப்பும் இடைவெளியும்

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயுற்றவருக்கு இரகசியம் காக்கப்பெறும் உரிமையை வழங்கி, மின்னணு வடிவில் சேமித்த தகவல்களுக்கும் அதனை விரிக்கிறது. 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் பதிவுபெற்ற மருத்துவர்களுக்கானவை. குடும்பப் பிணக்குக்காகத் துணை நாடுபவர் பெரும்பாலும் மனநோயரும் அல்லர். அவர் பேசுபவர் பெரும்பாலும் மருத்துவரும் அல்லர். 2021ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் உளவளத்துணையாளரையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்துள்ளது. எனினும், செயலி ஒன்றில் 'ஆலோசகர்' எனப் பெயரிட்டுக்கொண்டவரின் கல்வித்தகுதியைச் சரிபார்க்கும் எளிய வழியை நாடி வருபவர் அறிந்திருப்பதில்லை. தகுதி, பதிவெண், உரையாடல் பதிவுசெய்யப்படுமா என்பன குறித்து அவர் தயங்காது கேட்கலாம்.

எஞ்சுவது அவசர நிலை. அழைப்பவர் தற்கொலை எண்ணத்தை வெளியிட்டால், அவர் இருக்குமிடம் தெரியாத துணையாளரால் ஆளனுப்ப இயலாது. எனவே இருப்பிடத்தையும் நம்பகமான ஒருவரின் எண்ணையும் முதலிலேயே கேட்டுப்பெறுவது நடைமுறை. படிவங்களில் அவ்விடம் பெரும்பாலும் கணவர் அல்லது தந்தையின் எண்ணால் நிரப்பப்படுகிறது. சிக்கலே அவராக இருக்கும்போது, அவ்வெண்ணை ஏற்றுக்கொள்ளாமல், உடன் பணியாற்றும் தோழி, பள்ளி ஆசிரியர், பக்கத்து வீட்டு மூதாட்டி என வேறொருவரை அழைப்பவரே எண்ணிக் கூறும் வரை காத்திருப்பதற்கு முதல் அமர்வின் கணிசமான பகுதியைச் செலவிடலாம்.