எலும்புக்குள் வைக்கும் பீங்கான்... அதில் ஏன் இத்தனை ஓட்டைகள்?

விபத்திலோ, கட்டியை அகற்றும் ஆபரேஷனிலோ எலும்பில் ஒரு துண்டே போய்விட்டால் என்ன ஆகும்? சின்ன முறிவு தானாகக் கூடிவிடும். பெரிய இடைவெளி கூடாது. அப்போது டாக்டர்கள் நோயாளியின் இடுப்பு எலும்பிலிருந்தே கொஞ்சம் எடுத்து அங்கே வைப்பார்கள். இன்றைக்கும் நம்பகமான வழி இதுதான். ஆனா, ஒரு புண்ணை ஆற்ற இன்னொரு புண்! சிலருக்குக் கால் சரியான பிறகும் இடுப்பு வலி மாசக்கணக்கில் விடாது. எடுக்கக்கூடிய அளவும் கொஞ்சம்தான்.

அதற்கு மாற்றாக வந்ததுதான் பீங்கான் சாரம். கட்டடம் கட்ட சாரம் கட்டுவோம் இல்லையா, அதே வேலைதான். டீ கப் பீங்கான் அல்ல, இது ஹைட்ராக்சிஅபடைட். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த பொருள். நம் எலும்பின் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இதே வகைத் தாதுதான். அதனால் உடம்பு இதை வேண்டாத பொருளாக ஒதுக்குவதில்லை.

எப்படிச் செய்கிறார்கள்?

ஆச்சரியம், தொடங்குவது ஒரு ஸ்பான்ஜில். பீங்கான் பொடியைத் தண்ணீர், பசையுடன் மாவு போலக் கரைத்து, ஸ்பான்ஜை அதில் முக்கி, ஓட்டைகள் அடைக்காதபடி பிழிந்து, காயவைத்து உலையில் வைக்கிறார்கள். சூட்டை மெதுவாகத்தான் ஏற்றணும். அவசரப்பட்டால், ஸ்பான்ஜ் எரியும்போது வரும் வாயு பீங்கானை விரிசல் விடச் செய்துவிடும். பிறகு 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுடும்போது பொடி ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். ஸ்பான்ஜ் போய்விடும், அதன் வடிவம் மட்டும் நிற்கும். 1963-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை இது. உருகிய உலோகத்தை வடிகட்டும் பீங்கான்களையும் இப்படித்தான் செய்கிறார்கள்.

ஓட்டைதான் இங்கே உயிர். எலும்பு செல்களும் ரத்தக் குழாய்களும் உள்ளே போக ஓட்டை குறைந்தது 100 மைக்ரான் இருக்கணும். 300-க்கு மேல் என்றால் இன்னும் நல்லது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஒரு ஓட்டையிலிருந்து அடுத்ததுக்கு வழியும் வேண்டும். கதவில்லாத அறையால் யாருக்கு லாபம்?

சிக்கலும் அங்கேதான். ஓட்டை கூடக் கூட பலம் குறையும். தொடை எலும்பு போல பாரம் தாங்கும் இடத்தில் இதை மட்டும் நம்பி வைக்க முடியாது, பிளேட்டும் ஸ்க்ரூவும் கூடவே வேண்டும்.

இன்னொன்று: ஹைட்ராக்சிஅபடைட் கரைய வருஷக்கணக்கு ஆகும். அதனால் சீக்கிரம் கரையும் டிரைகால்சியம் பாஸ்பேட்டையும் கலக்கிறார்கள். அப்படியும் எக்ஸ்ரேயில் அந்த இடம் ரொம்ப நாளைக்கு வெள்ளையாகவே தெரியலாம். அதை வைத்து மட்டும் எலும்பு கூடவில்லை என்றோ, கூடிவிட்டது என்றோ நீங்களே முடிவுக்கு வந்துவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.