கட்டுப் போட்ட காலும் காத்திருக்கும் நாயும்

காற்பந்து விளையாடும்போது கணுக்கால் எலும்பு முறிந்தால், பல வாரங்கள் மாவுக்கட்டுடன் இருக்க நேரிடும். வீவக வீட்டில் வளரும் நாய்க்கு அது புரியுமா? மாலையானதும் வழக்கம்போல் வாசற்கதவருகே போய் நின்றுவிடும். நடையில் செலவாகாத ஆற்றல் ஓயாத குரைப்பாகவும் கடித்துக் குதறிய காலணியாகவும் வெளிப்படும். அதற்காக, ஊன்றுகோலுடன் நாயையும் பிடித்துக்கொண்டு வெளியே செல்வது ஆபத்து. பூனையைக் கண்டு அது ஒருமுறை இழுத்தாலே நாம் விழுந்துவிடுவோம். நம் அடுக்குமாடிக் கீழ்த்தளங்களில் பூனைக்கா பஞ்சம்? ஆறிவரும் எலும்பு மீண்டும் முறியக்கூடும்.

எனவே, நடைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பைக் குடும்பத்தில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, வீட்டில் நாயின் மூக்குக்கு வேலை கொடுக்கலாம். மனித மூக்கில் ஏறத்தாழ 6 மில்லியன் மோப்ப உணர்விகள் உள்ளன. நாயின் மூக்கிலோ 100 மில்லியனுக்கும் மேல்! பழைய துண்டில் தீனியைத் தூவி, சுருட்டிக் கொடுங்கள். அது பழகியதும் சோபாவுக்கு அடியிலோ அட்டைப்பெட்டிக்குள்ளோ ஒளித்து வையுங்கள். மோப்பம் பிடித்துத் தேடும்போது மூளையும் உழைக்கிறது. அதனால், சிறிது நேரத் தேடலுக்குப் பிறகு பல நாய்கள் தாமாகவே படுத்துவிடும். நாற்காலியில் அமர்ந்தபடியே புதிய கட்டளைகளையும் பழக்கலாம். வழுக்கும் தரையில் பந்தை மட்டும் எறியாதீர்கள்.

விளையாட்டில் தரும் தீனியை அன்றாட உணவிலிருந்து கழித்துவிட வேண்டும். ஓட்டம் குறைந்த நாய் எளிதில் பருத்துவிடும். திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு. ஒரு துண்டுகூடக் கொடுக்கக்கூடாது. மாவுக்கட்டைப் பிரித்ததும், நாயை எப்போது மீண்டும் நடைக்கு அழைத்துச் செல்லலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.