பொதுவெளிக் கலைப்படைப்புகளை அகற்றுதலும் ஆக்கியோன் உரிமையும்: வடலூர் நகராட்சியை முன்வைத்து

முன்னுரை

சாலைச் சந்திப்பில் நிற்கும் சிலை, அரசுக் கட்டடச் சுவரில் தீட்டிய ஓவியம், பூங்காவில் அமைந்த சிற்பம் ஆகியன பொதுவெளிக் கலைப்படைப்புகள் எனப்படும். இவற்றை அகற்றும்போது தமிழகத்தில் எழும் விவாதம் பெரும்பாலும் சிலையாக நிற்பவரைப் பற்றியதே. வடித்தவரைப் பற்றியது அன்று. 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பெற்ற கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பெற்று, 2006 ஜூனில் மீண்டும் நிறுவப்பெற்றது. இடைப்பட்ட காலத்தில் சிலம்பின் தலைவியும் அரசியலும் மிகுதியாகப் பேசப்பட்டன. கலைஞரின் உரிமை முதன்மை பெறவில்லை. அவ்வுரிமையின் எல்லையையும், உள்ளாட்சி அமைப்பு ஆற்றத்தக்கதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டத்தின் நிலை

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு ஆக்கியோனுக்கு இரு சிறப்புரிமைகளை வழங்குகிறது. ஒன்று, படைப்பு தம்முடையது எனக் கோருதல். மற்றொன்று, தம் மதிப்புக்கோ புகழுக்கோ ஊறு நேருமாறு படைப்பைத் திரித்தலையும் சிதைத்தலையும் தடுத்தல் அல்லது அதற்கு இழப்பீடு பெறுதல். பதிப்புரிமையைப் பிறருக்கு அளித்த பின்னரும் இவை நீங்கா. எனினும், படைப்பைக் காட்சிக்கு வையாமை உரிமை மீறல் ஆகாது என அப்பிரிவின் விளக்கம் கூறுகிறது. ஆகவே, சிற்பத்தைச் சேதமின்றிக் கழற்றிக் கிடங்கில் இடுதலை மட்டும் கொண்டு இப்பிரிவின்கீழ் வழக்காடுதல் அரிது.

இரு தீர்ப்புகள்

சிற்பி அமர்நாத் சேகல் தில்லி விஞ்ஞான் பவனுக்காக உருவாக்கிய வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979இல் அவருக்கு அறிவிக்காமல் பெயர்க்கப்பட்டுக் கிடங்கில் சிதைந்தது. 2005இல் தில்லி உயர் நீதிமன்றம், அழித்தல் என்பது சிதைத்தலின் உச்சநிலையே எனக் கொண்டு, எஞ்சிய பகுதிகளைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. ஆயினும், சிற்பம் பெயர்க்கப்பட்ட பின் 26 ஆண்டுகள் கழிந்திருந்தன.

2017இல் இடிக்கப்பட்ட தில்லி ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ கட்டடம் குறித்துக் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால் தொடுத்த வழக்கில், 2019இல் அதே நீதிமன்றம் நில உரிமையாளரின் சொத்துரிமையை முதன்மையாகக் கொண்டது. முற்றிலும் இடிக்கப்பட்டதைக் காண்பார் இலர். ஆதலின் புகழுக்கு ஊறில்லை என்பது அதன் கருத்து. இவ்விரு தீர்ப்புகளையும் ஒருங்கே நோக்கின் ஒரு முரண் புலப்படும். பாதி சிதைத்தவர் பொறுப்பேற்க நேரலாம். முழுதும் அழித்தவர் தப்பலாம்.

வடலூரில் இதன் தேவை

சத்திய ஞான சபையால் அறியப்பெறும் வடலூர், 2021இல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாக உயர்த்தப்பெற்றது. விக்கிரவாண்டி – தஞ்சாவூர் தேசிய நெடுஞ்சாலை இதன் வழியே செல்கிறது. அண்மையிலுள்ள நெய்வேலி நகரியமோ பொதுத்துறை நிறுவனமான என்.எல்.சி.யின் பொறுப்பில் உள்ளது. எனவே இவ்வட்டாரத்தில் நகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, நிறுவனம் என இடத்தின் உரிமையாளர் மூவகையினர். சாலை விரிவாக்கத்தின்போது சிலையையோ சுவரோவியத்தையோ அகற்றுதல் தவிர்க்க இயலாததாகலாம். அகற்றலாமா என்பதினும், எவ்வாறு அகற்றுவது என்பதே இங்கு அடிப்படை வினா.

அமெரிக்காவின 1990ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. கட்டடத்திலிருந்து சேதமின்றிப் பிரிக்கத்தக்க படைப்பாயின், உரிமையாளர் கலைஞருக்கு எழுத்து வழி அறிவித்து, அவரே எடுத்துச் செல்ல 90 நாள் தருதல் வேண்டும். நியூயார்க்கின் ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ சுவரோவியங்கள் 2013இல் முன்னறிவிப்பின்றி வெள்ளையடிக்கப்பட்டமைக்கு, 2018இல் 67.5 லட்சம் டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது.

முடிவுரை

இந்தியச் சட்டம் இழப்பு நேர்ந்த பின்னரே பெரிதும் துணை நிற்கிறது. முன்னறிவிப்பை அது கட்டாயமாக்கவில்லை. அவ்விடைவெளியை நகர்மன்றத் தீர்மானமே நிரப்ப இயலும். படைப்பை ஏற்கும்போதே பராமரிப்பு, பெயர்ப்பலகை, அகற்றும் முறை ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுதுதல், படைப்புகளுக்குப் பதிவேடு வைத்தல், அகற்றுமுன் கலைஞருக்கோ அவர்தம் வாரிசுக்கோ அறிவித்தல், நிழற்படப் பதிவு செய்தல், திரும்பப் பெறும் முதல் வாய்ப்பை அவருக்கே அளித்தல் ஆகியன அத்தீர்மானத்தின் கூறுகளாகலாம். இவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை. சிலையின் பீடத்தில் திறந்து வைத்தவர் பெயரைப் பொறிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. வடித்தவர் பெயரையும் பொறிப்பது அவ்வுரிமைக்கான முதற்சான்றாக அமையும்.