ஈரம் எழுதாத நெல்

கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருந்த டெல்டா விவசாயிக்கு 17 என்ற எண்ணை விளக்க வேண்டியதில்லை. ஈரப்பதம் அந்தச் சதவீதத்தைத் தாண்டினால் நெல் எடுபடாது. மழை பிடித்துக்கொண்ட ஆண்டுகளில் தளர்வு கேட்டு டெல்லி வரை கோரிக்கை போகும்.

ஆராய்ச்சிக் கணக்கையும் இந்த ஈரம் புரட்டிப்போடும். ஹெக்டேருக்கு 6,000 கிலோ கண்டதாக ஒரு பழைய வயல் பதிவேடு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறுத்த கையோடு 22 சதவீத ஈரத்தில் எடை போட்டிருந்தால், ஆய்வாளர்கள் ஒப்பிடும் 14 சதவீதக் கணக்கில் அது சுமார் 5,440 கிலோதான். அரை டன்னுக்கு மேல் வெறும் தண்ணீர்! ஈரத்தை அன்றே குறிக்காவிட்டால் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஆய்வுத் தரவு மேலாண்மை என்று பல்கலைக்கழகங்கள் இன்று பேசுவதன் அடிப்படை இதுதான். எந்த ரகம், எந்தப் பாத்தி, எத்தனை சதுர மீட்டர் அறுத்தது, எல்லாம் எண்ணோடு சேர்ந்தே இருக்க வேண்டும். ஆகஸ்டில் விதைத்த சம்பா தை மாதம் அறுவடைக்கு வரும். வெறுமனே ‘2010’ என்று எழுதினால் அது விதைத்த ஆண்டா, அறுத்த ஆண்டா? மாவுக்கு இத்தனை மூட்டை என்றால், மூட்டை எத்தனை கிலோ?

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமைச் சோதனை நடக்கிறது. அங்கே குவிந்த கணக்கை அலச 1919இல் ரொனால்ட் ஃபிஷர் வந்தார். நவீனப் புள்ளியியலின் பெரும்பகுதி அந்த வேலையில்தான் உருவானது. தானியத்தையும் காயவைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அதைச் சோதித்து 2008இல் வெளியான ஆய்வு, 1960களின் நடுப்பகுதிக்குப் பிறகு, குட்டை ரகங்கள் வந்த காலத்தில், மணியில் துத்தநாகமும் இரும்பும் குறைந்ததைக் காட்டியது. துத்தநாகம் பயிருக்கு வேண்டும் என்பதே 1843இல் யாருக்கும் தெரியாது.

நம்மிடமும் அந்தச் செல்வம் உண்டு. கோயம்புத்தூரின் நிரந்தர உரச் சோதனை 1909இல் தொடங்கியது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922லிருந்து இயங்குகிறது. ஏடிடி 43 போல வயலுக்கு வந்த ரகங்களை ஊரறியும். தேறாதென்று கழித்துவிட்டவற்றின் குறிப்பில், கடைமடையில் உப்பேறும் நிலத்துக்கான விடை கிடக்கக்கூடும்.

எனக்குக் கவலை மாணவர்களின் வயல் நோட்டுகளைப் பற்றித்தான். ஆய்வேட்டில் பெரும்பாலும் சராசரிதான் அச்சாகிறது. பாத்தி வாரியான எடை பென்டிரைவோடு ஊர் போய்ச் சேர்ந்துவிடும். ஆய்வேட்டை வாங்கும்போதே நோட்டின் நகலையும், அலகும் ஈரப்பதமும் விளக்கிய ஒரு பக்கத்தையும் நூலகம் கேட்டு வாங்கலாம். அதற்குப் பெரிய கணினி மையம் வேண்டாம், பொறுப்பான ஓர் ஆள் வேண்டும்.